எதிர் ஜன்னலுக்கு ஒரு கதுப்பு

சாவியைப் பூட்டில் நுழைக்கும்போதே மூத்தவளுக்கு மாம்பழ வாசனை அடித்தது. கையில் ஒரு பை பழம் இருக்கும்போது அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் பையில் இருந்தவை இன்னும் நன்றாகக் கனியாதவை. காம்போரம் மட்டும் லேசாக மணந்தன. இதுவோ அறுத்த பழத்தின் வாசனை. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகப் படிக்கட்டுவரை வந்துகொண்டிருந்தது.

“வந்துட்டேன்பா,” என்றாள் கதவைத் தள்ளிக்கொண்டே. “ஒவ்வொன்னா அமுக்கிப் பாக்காதீங்கம்மான்னு கடைக்காரர் சண்டைக்கு வந்தாரு. தராசுக்காரரோட பொண்ணுன்னு சொன்னேன். கப்சிப்.”

தலை நரைக்கும்வரை பழ மண்டியில் எடை போட்டவர் அப்பா. அங்கே அவருக்குத் தராசுக்காரர் என்றுதான் பெயர். இதைக் கேட்டால் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிப்பு வரவில்லை. பையைச் சமையலறையில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, ஈரக்கையோடு உள்ளறைக்குப் போனாள்.

ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில், முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி அப்பா படுத்திருந்தார். வாய் துடைக்கப்பட்டிருந்தது. மீசையோரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் நார் ஒட்டியிருந்தது. நெற்றியைத் தொட்டாள். சூடு இருந்தது. மூச்சு இல்லை.

“அப்பா,” என்று கூப்பிட்டாள். பிறகு இன்னொரு முறை, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகக் கூப்பிட்டாள்.

தலையணைக்குப் பக்கத்தில் இரண்டு மாம்பழத் தோல்கள் இருந்தன. கொட்டையின் இரு பக்கமும் அறுத்தெடுத்த இரண்டு கதுப்புகளின் தோல்கள். கிண்ணங்களை அடுக்கியதுபோல ஒன்றுக்குள் ஒன்று. சதையைச் சுத்தமாக வழித்தெடுத்ததில், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தன.

வீட்டில் மாம்பழமே இருக்கவில்லை. இல்லாததால்தான் அவள் கடைக்குப் போனாள்.

மதியம் அவருடைய உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்து, “வாசனை வருது,” என்றார்.

“என்ன வாசனைப்பா?”

“பழம். நல்லாக் கனிஞ்சது.”

“இந்த வருஷம் இன்னும் வாங்கவே இல்லையேப்பா.”

“வருதே,” என்றார் குழந்தைபோல. “போய் வாங்கிட்டு வா. ஜன்னல்ல அதுக்கும் ஒரு கதுப்பு வை. பாவம், காத்துக்கிட்டு இருக்கும்.”

அவள் தயங்கினாள். படுக்கையில் விழுந்த புதிதில் அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டிருந்தார். “போற நேரத்துல தனியா விட்டுடாதம்மா. பக்கத்துல ஒரு ஆள் இருந்தாப் போதும்.” விடமாட்டேன் என்று கையில் அடித்துச் சொல்லியிருந்தாள். கடை தெருமுனையில்தானே, ஓடிப்போய் வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினாள். முன்பு ஒருமுறை அவர் தடுமாறி எழுந்து படிக்கட்டுவரை வந்துவிட்டதால் கதவை வெளியே பூட்டினாள். சாவி அவளிடமேதான் இருந்தது.

தனியா. அந்தச் சொல் அவளைக் கட்டில்காலோடு உட்கார வைத்தது. உட்கார்ந்த இடத்திலிருந்துதான் ஜன்னலைப் பார்த்தாள்.

ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மூடிப்போன நூல் ஆலையின் சுவர். அந்தச் சுவரிலும் நேர் எதிரே ஒரு ஜன்னல். கண்ணாடி கிடையாது, கம்பிகள் மட்டும். அதற்கு அப்பால் இருட்டு. இந்த ஜன்னல் திட்டுக்கும் அந்த ஜன்னல் திட்டுக்கும் குறுக்கே அப்பா எப்போதோ ஒரு பலகை போட்டிருந்தார். அதன்மேல் போன பருவத்திலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டு தூசி படிந்து கிடந்தது. அது இப்போது கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. பலகையின் அந்தக் கோடியில் ஒரு மாங்கொட்டை, வெள்ளை வெளேரென்று சப்பி முடித்து, ஈரம் காயாமல் இருந்தது.

அவள் கூப்பிட்ட குரலுக்குக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு ஏறி வந்தாள்.

“ஐயோ! இப்பத்தானே சிரிச்சுக்கிட்டு இருந்தாரு!”

“யாரு?”

“உங்கப்பாதான்டி. மெஷினை நிறுத்திட்டுக் கேட்டேன். ரெண்டு குரல். வாசனை வேற கீழ வரைக்கும் வந்துச்சு. அப்பாவும் மகளும் மட்டும் சாப்பிடறாங்களே, நமக்கொரு துண்டு வராதான்னுகூட நெனச்சேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீ இங்கதானே இருந்தே?”

மூத்தவள் சாவியைக் காட்டினாள். தையல்காரம்மா சாவியைப் பார்த்தாள், தோல்களைப் பார்த்தாள். பிறகு அறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள்.

பட்டறையிலிருந்து தம்பி கிரீஸ் கையோடு ஓடி வந்தான். வரும் வழியில் டாக்டரையும் அழைத்து வந்திருந்தான். அவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார்.

“எதுவும் அடைக்கல. தூக்கத்துல போற மாதிரிப் போயிருக்காரு. கடைசியா ஆசைப்பட்டதைச் சாப்பிட்டிருக்காரு போல. நல்லதுதான்,” என்று அவளுடைய தலையை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்.

அவர் இறங்கிப் போனதும் தம்பி அவளைப் பார்த்தான். “நீதானே ஊட்டினே? சொல்லிடேன்க்கா. டாக்டரே ஒன்னுமில்லைன்னுட்டாரு. யாரும் உன்னைத் தூக்குல போடப் போறதில்ல.”

“நான் ஊட்டியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்டா.”

அவன் பலகையைக் கவனித்தான். “இன்னுமா இந்தக் கூத்து?”

அந்தக் கூத்து அம்மா இறந்த வருடம் தொடங்கியது. மண்டியில் அடிபட்ட பழத்தை யாரும் வாங்கமாட்டார்கள். ஒரு பக்கம் கன்றியிருக்குமே தவிர, இனிப்பில் அதை மிஞ்ச எதுவுமில்லை. சாயங்காலம் அப்பாவின் சாப்பாட்டுப் பையில் அப்படி ஒன்று வரும். வாளித் தண்ணீரில் அது குளிரும்வரை மூன்று பேரும் வாளியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். காம்பைக் கிள்ளியதும் எழும் முதல் மணத்தை ஆளுக்கொரு தடவை முகர வேண்டும். அப்புறம்தான் கத்தி. ஒரு கதுப்பில் பாதி அவளுக்கு, பாதி தம்பிக்கு. கீழ்ப்பல்லால் தோல்வரை சுரண்டி, முழங்கைக்கு ஓடுகிற சாற்றைத் துரத்தி நக்கி, கன்னமெல்லாம் பிசுபிசுக்கச் சாப்பிடுவார்கள். கொட்டை அப்பாவுக்கு. கண்ணை மூடிக்கொண்டு, நார் வெளுக்கும்வரை சப்புவார். அதுவரை யாரும் பேசக் கூடாது. “பேசினா பழத்துக்குக் கோவம் வரும்,” என்பார்.

மிச்சமிருக்கும் கதுப்பு, முழுசாக, ஜன்னலுக்கு.

முதன்முதலில் ஒருநாள் தட்டோடு ஜன்னல் திட்டில் வைத்து மறந்துபோன கதுப்பு காலையில் காணாமல் போயிருந்தது. தட்டு கழுவியிருந்தது. அன்று முதல் அவர் தெரிந்தே வைத்தார்.

“எலியா இருக்கும்பா,” என்பான் தம்பி.

“எலி தட்டுக் கழுவுமாடா?”

“அப்ப யாரு?”

“பசிக்குக் குடுக்கறவன் பேரு ஊரெல்லாமா விசாரிப்பான்? யாரோ, எதிர்வீட்டு மாமான்னு வெச்சுக்கோ.”

தெருவில் கிண்டல் செய்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. யாருக்குப் போய்ச் சேருகிறது என்று தெரியாமல் கொடுப்பதும் ஒரு பிரார்த்தனைதான் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, செய்யத் தெரிந்திருந்தது. தம்பிக்குத்தான் அது ஆறவே இல்லை. “பெத்த பிள்ளைக்குப் பாதி, பேய்க்கு முழுசு,” என்று மீசை முளைத்த பிறகும் சொல்லிக்காட்டுவான்.

இப்போது அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆலைப் பக்கம் போனான். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் ஒட்டடை. ஒரு சொம்பு தண்ணீர் முழுவதையும் குடித்தான்.

“காவலாளிதான் கூட்டிட்டுப் போனாரு,” என்றான். “மாடியே இல்லக்கா.”

“இல்லைன்னா?”

“நாம பொறக்கறதுக்கு முன்னாடியே உள்ள எல்லாம் இடிஞ்சு விழுந்துடுச்சாம். கீழ நின்னு அண்ணாந்தா நேரா கூரைதான் தெரியுது. அந்த ஜன்னல் சும்மா சுவத்துல இருக்கு. அதுக்குப் பின்னாடி நிக்கறதுக்கு எடமே கிடையாது.”

இருவரும் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார்கள்.

“ஏதாவது பறவையா இருக்கும்,” என்றான் தம்பி.

பறவை வாயைத் துடைத்துவிடுமா என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். தம்பி மட்டும் போகவில்லை. பட்டறையிலிருந்து சுத்தியலும் ஆணியும் ஒரு மரத் தகடும் எடுத்து வந்து உள்ளறையில் நின்றான்.

“நீ தனியா இருக்கப் போற வீடு. இதை அடைச்சுட்டுப் போறேன்.”

“வேண்டாம்.”

“பயமா இல்லையா உனக்கு?”

“இருக்கு.” அவள் கட்டில் சட்டத்தில் விரலை ஓட்டினாள். “தோல் ரெண்டும் அப்பா பக்கம் இருந்துச்சுடா. கொட்டை அந்தப் பக்கம்.”

அவன் ஆணியை உதட்டில் கவ்வியபடி நின்றான். அந்த வீட்டில் கொடுக்கிறவருக்குக் கொட்டை, பெறுகிறவருக்குக் கதுப்பு என்பது அவனுக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஆணியை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். சுத்தியலைத் தரையில் சத்தம் வராமல் வைத்தான்.

மூத்தவள் பையைக் கொண்டு வந்தாள். ஒரே நாளில் பழங்கள் கனிந்திருந்தன. பையைத் திறந்ததும் அறையே மணத்தது. ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டாள். குளிரும்வரை இருவரும் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காம்பைக் கிள்ளி அவனிடம் நீட்டினாள். முகர்ந்துவிட்டு அவளிடம் தந்தான். அவள் முகர்ந்தாள். பிறகு நறுக்கினாள்.

ஒரு கதுப்பை அவனிடம் கொடுத்தாள். அவன் அதைப் பிரித்துப் பாதி எடுக்கப் போனான்.

“உனக்குத்தான்.”

“முழுசா?”

“முழுசா.”

ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டு, பலகையின் நடுவில் தட்டை நிமிர்த்தி, மற்றதை அதில் வைத்தாள். கையை உடனே இழுத்துக்கொண்டாள். கொட்டையோடு அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். தம்பி ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான்.

குளிர்ந்த சதை நாக்கில் பட்டதும், நேற்று முதல் எதுவும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. சாறு மணிக்கட்டைத் தாண்டி இறங்கியது. நக்கிக்கொண்டாள். கொட்டையைச் சுற்றிய சதைக்கு இத்தனை ருசி என்று இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். தம்பி சின்ன வயதில் போலவே கண்ணை மூடிக்கொண்டு, தோல்வரை சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டான். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

பலகை முனகியது. அந்தப் பக்கம் யாரோ முழங்கையை ஊன்றியதுபோல மெல்ல வளைந்தது.

தம்பியின் கை பாதியில் நின்றது. அவன் திரும்பவில்லை. “அக்கா...”

“பேசாதே. பழத்துக்குக் கோவம் வரும்.”

மூன்று பக்கமும் சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பலகை மறுபடி நிமிர்ந்தது. எங்கோ மிக அருகில் தண்ணீர் சொட்டியது.

தம்பி வழித்த தோலை வாளியோரம் வைத்தான்.

“இன்னொன்னு நறுக்குக்கா,” என்றான். “இந்தத் தடவை கொட்டை எனக்கு.”

அவள் பைக்குள் கையை விட்டு, அதிகம் கனிந்தது எது என்று, காம்போரமாக ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்க்கத் தொடங்கினாள்.