ஒரு பங்கு தலை, மூன்று பங்கு கால்

ரேகை தன் மச்சானுக்குத் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்று எழுபது. மகளைப் பள்ளியில் சேர்க்க வாங்கிய பணம். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ரேகை சுமை தூக்கும் அதே கட்டட வேலையில், சாமான் ஏற்றும் லிஃப்ட்டைக் கீழே நின்று ஓட்டுகிறவன். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன். கடன் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்றான். ரேகையும் சொந்தக் கையாலேயே எழுதிக் கொடுத்தான்.

சம்பள நோட்டில் பெருவிரலை உருட்டி உருட்டி வந்த பெயர்தான் ரேகை. நாற்பத்தாறு வயதில் மகளின் நோட்டைப் பார்த்து எழுதப் பழகியதை வேலையிடத்தில் மூச்சுவிடவில்லை. கேலி பேசியே ஆளைக் கொன்றுவிடுவார்கள்.

நோட்டில் இருந்த மாதிரி அவனுக்கு வரவில்லை. சுமை தூக்கிக் காய்த்த விரலில் சுழி நசுங்கியது. சுழியைக் கடுகளவாக்கிக் காலை நீட்டிப் பார்த்தான். தலைக்கு ஒரு பங்கு, காலுக்கு இரண்டு என்றால் எழுத்து குந்தியிருந்தது. நாலு என்றால் சாயப் பார்த்தது. மூன்றில் நிமிர்ந்து நின்றது. அன்றிலிருந்து அதுதான் அவன் எழுத்து.

திங்கட்கிழமை யாரும் வருமுன் அந்த எழுத்தில்தான் சுவரில் கரியால் எழுதினான்: 'லிஃப்ட் கயிறு நைந்திருக்கிறது. கீழே நிற்காதீர்கள்.' மச்சான் இரண்டு தடவை சொல்லியும் மேஸ்திரி காதில் போட்டுக்கொள்ளாத விஷயம். அன்று ஒருவரும் வேலையில் கை வைக்கவில்லை. முதலாளி வந்து மேஸ்திரியைக் கண்டபடி பேசிவிட்டுக் கயிற்றை மாற்றச் சொன்னார்.

மதியம் மேஸ்திரி எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னான். எழுதியவன் அகப்பட்டால் இந்த ஊரில் எங்கேயும் வேலை கிடைக்காது என்றான். முதல் சந்தேகம் மச்சான்மேல். அவன் எழுத்தோ கொழுக்மொழுக்கென்று உருண்டை.

"அப்போ கயிறு விஷயத்த யாருகிட்டயோ சொல்லியிருக்க, இது யாரு கைன்னு உனக்குத் தெரியும். சொல்லு. இல்லேன்னா லிஃப்ட்டுக்கு வேற ஆளு."

மச்சானின் கை சட்டைப்பைக்குப் போனது. சீட்டு அங்கேதான் இருக்கிறது. எட்டடி தூரத்திலேயே ரேகை எழுத்தின் நீண்ட கால்கள் தெரியும்.

மச்சான் சீட்டை எடுத்தான். விரலிலிருந்த கிரீஸை அதில் துடைத்தான். கசக்கிக் கலவை மிஷினுக்குள் போட்டான்.

"தெரியாது மேஸ்திரி."

மேஸ்திரி அடுத்த ஆளைப் பார்த்தான். "இவனா? இவன் பேரே ரேகை," என்று தாண்டிப் போனான்.

குழாயடியில் கை கழுவும்போது ரேகை மச்சான் பக்கம் நகர்ந்தான். பணத்தை மாசாமாசம் தந்துவிடுவதாக முனகினான்.

"கயிறு அறுந்திருந்தா அடியில நின்னது நான்தானே, மாப்ளே. கணக்கு தீந்துது," என்றான் மச்சான். "புதுசா சீட்டு கீட்டு மட்டும் எழுதிடாத."