எதிர்ப்பக்கம் சுற்றும் மதகு

எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பற்களின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் அந்த மூன்றும் இன்று சாயங்காலத்துக்குள் கொட்டிப்போகட்டும்.

கால்வாயில் படகுகள் நின்று முப்பது வருடமாகியும் மதகுக்காரர் தினமும் காலையில் மதகைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இப்போது கால்வாயைப் பராமரிக்க ஒரு குழு வந்திருந்தது. பறவைகள் பிழைக்க வேண்டும், பழைய கட்டுமானம் நிலைக்க வேண்டும், ஜனங்கள் கரையில் காலாற நடக்க வேண்டும் என்றார்கள். அவருக்கு மூன்றும் சம்மதம். ஆனால் மதகு திறக்காவிட்டால் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் சுவர் எழுப்புவோம் என்றும் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சோதனை.

அன்று அவர் பழைய காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். நடுப்பொத்தான் மட்டும் ஒத்துழைக்க மறுத்தது.

"மாப்பிள்ளை கோலத்துல எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"மதகுக்குத்தான்டி."

"அதானே. மூத்த சம்சாரமாச்சே, விட முடியுமா?"

மதகடியில் குழுவின் இன்ஜினியரும், பறவைகளைக் கணக்கெடுக்கும் டீச்சரம்மாவும், நான்கு ஆட்களும் நின்றிருந்தார்கள். மதகுக்காரருக்குப் பழைய நாள் ஞாபகம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"ஒரே நாள்ல நூத்திப் பதினாலு படகு போயிருக்கு, சார். செங்கல், உப்பு, விறகு. படகுக்குப் பூசுன தார் வாசனை, அதோ அந்தக் கால்வாய் வளைவுல திரும்பறப்பவே மூக்குல ஏறும். படகுல குடும்பமே இருக்கும். அடுப்பு புகையும், தொட்டில் ஆடும். நான் மணியடிச்சா நாரைங்க வந்து மதகு மேல வரிசையா நிக்கும். தண்ணி பாயறப்போ மீன் துள்ளும்ல, அதுக்கு. வரிசை மீறுன நாரையை மத்ததுங்க ஒரு வாரம் தள்ளி வெச்சிடும்."

"நாரை இருக்கட்டும் பெரியவரே. மதகு திறக்குமா?"

நான்கு ஆட்களும் கைப்பிடியைப் பிடித்து அரைமணி நேரம் சுற்றினார்கள். மதகு அசையவில்லை. மதகுக்காரரும் ஓடிப்போய்த் தொங்கினார். கடைசிப் பொத்தான் தெறித்ததுதான் மிச்சம்.

"துரு இறுகிடுச்சு. சுவர்தான்," என்று இன்ஜினியர் பேனாவைத் திறந்தார்.

மதகுக்காரர் கரைக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். இனி அந்த வளைவைப் பார்த்து யாருக்காகக் காத்திருப்பது? கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடுமென்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவர் மறந்துவிட்டு வந்த மாத்திரையைக் கொடுக்கக் குடையோடு மனைவி வந்து சேர்ந்தாள்.

"எந்தப் பக்கம் சுத்துனீங்க?"

"குழாயைத் திறக்குற பக்கம்தான். வேற எந்தப் பக்கம்?"

"நல்லா கெட்டுது போங்க! அந்தக் காலத்துல ரிப்பேர் பண்ண வந்த கொல்லன் பல்சக்கரத்தைத் தலைகீழா மாட்டிட்டுப் போனானே, மறந்துபோச்சா? அரைமணி நேரமா அஞ்சு பேரும் இழுத்து மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க!"

"உனக்கெப்படிடி தெரியும்?"

"படகெல்லாம் மத்தியானம்தான் வரும். மத்தியானம் குறட்டை விட்டது யாரு, மதகைச் சுத்துனது யாரு?"

அவள் குடையை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் எதிர்ப்பக்கம் சுற்றினாள். மதகு ஒருமுறை முனகிவிட்டு எழுந்தது. தண்ணீர் பொங்கிப் பாய்ந்தது. மதகுக்காரர் துள்ளியெழுந்து மணியை அடித்தார். நாணலுக்குள்ளிருந்து எழுபத்துமூன்று நாரைகள் வந்து வரிசையாக நின்றன. தாமதமாக வந்த ஒன்று மன்னிப்புக் கேட்கும் பாவனையில் கடைசியில் போய் நின்றது. எழுதியெழுதி டீச்சரம்மாவின் பேனாவில் மை தீர்ந்தது.

"இதைப் போய் யாராவது சுவர் வெச்சு அடைப்பாங்களா, சார்?" என்றாள் டீச்சரம்மா.

இன்ஜினியர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். மதகு இருக்கும். வாரம் ஒருமுறை திறக்கப்படும். ஜனங்கள் கரையில் நின்று பார்க்கலாம். திறக்கும் பொறுப்பு மனைவிக்கு; மணி மட்டும் மதகுக்காரருக்கு.

"மூத்தவளை இனி நான் பாத்துக்கறேன். நீங்க தூங்குங்க," என்றாள் மனைவி.

அவர் தூங்குவதில்லை. வாராவாரம் மணியடித்துவிட்டு வளைவைப் பார்க்கிறார். செங்கல் படகு முதலில் வருகிறது. பின்னாலேயே அடுப்புப் புகையோடு உப்புப் படகு.

அரசாங்கப் பதிவேட்டின்படி, கால்வாயை வெட்டி முடித்த வருடமே ரயில் வந்துவிட்டதால், அதில் ஒரு படகும் ஓடியதில்லை. ஆனால் சாயங்காலமும் ஆகிவிட்டது; என் பல் மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன.