முன்கூட்டியே கொடுத்த கூடாரம்

சுனாமி வந்து மூன்று மாதமாகியும் எங்கள் நிவாரண அலுவலகத்தின் ஒரே கம்பியூட்டர் 2002ஆம் ஆண்டிலேயே குடியிருந்தது. திகதியை மாற்றப் போனால், உனக்கு அனுமதியில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். அனுமதி கொழும்புத் தலைமை அலுவலகத்துப் பெரியவரிடம். அவருக்குப் போன் எடுத்தேன்.

“பாதுகாப்புக்காகத்தான் பூட்டி வெச்சிருக்கம், அஜந்தா. கண்டவங்களெல்லாம் திகதியில கைவெச்சா என்னாகிறது?” என்றார்.

உண்மைதான். திகதி களவுபோனால் நாடு தாங்காது.

கூடாரம் வாங்க வந்த பனிச்சங்கேணி மீனவர் வினாயகமூர்த்தி அண்ணனுக்கு அந்தத் திகதியோடேயே பற்றுச்சீட்டை அச்சடித்துக் கொடுத்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

“தங்கச்சி, ரெண்டாயிரத்து ரெண்டுலயே எனக்குக் கூடாரம் தந்திருக்கிறீங்க. அப்பவே, கடல் வரப்போகுதெண்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே?”