வரிசையில் இன்னொருவர்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை, ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் மூன்றாம் மாடிக்கு வந்த ஓர் அழைப்பு எந்த ஓட்டுநருக்கும் போய்ச் சேரவில்லை. நெஞ்சுவலி வந்தவர், மகன் பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு போனதால் பிழைத்தார். அதற்குப் பிறகும் ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போகவே, எல்லாவற்றையும் போனிலேயே சொல்லும்படி உத்தரவாயிற்று.

அழைப்பைப் பதிந்து அனுப்பும் கணினி நிரலை எழுதியவள் அங்கே வேலை பார்க்கும் அவள். அதை வாங்கி ஓட்டுநரின் கைபேசிக்குச் சேர்க்கும் நிரல் அவள் அக்கா புருஷனுடையது. நடுவே ஒரு வரிசை. இவள் நிரல் செய்தியை அதில் போடும், அவர் நிரல் எடுத்துக்கொண்டு ‘கிடைத்தது’ என்று சொல்லும். சொன்னதும் செய்தி வரிசையிலிருந்து அழிந்துவிடும்.

“எனக்கு வரவேயில்ல சார்” என்றார் அத்தான்.

“சாயங்காலத்துக்குள்ள யாரு தப்புன்னு தெரியணும். அனுப்புற பக்கம்னா நாளைக்கு வர வேண்டாம்” என்று மேலாளர் இவளைப் பார்த்தே சொன்னார்.

அத்தான் காலையில் மேலாளர் அறைக்குள் போய்வந்ததை அவள் பார்த்திருந்தாள். சிரித்துக்கொண்டே காலை வாரிவிடுகிற மனிதர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் அதைச் சொல்லித் தீர்த்தவரும் அவர்தான். குழுத் தலைவர் பதவிக்கு இவள் பெயர் அடிபட்டதிலிருந்து வாய்விட்டுப் பேசுவதில்லை.

தன் நிரலை வரிவரியாகத் துழாவினாள். குற்றமில்லை. பிறகுதான் வரிசையிலிருந்து எடுப்பவர்களைக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில் இருவர். இரண்டாவது இணைப்பு அத்தானின் மேசைக் கணினியிலிருந்து வந்திருந்தது.

“அத்தான், இது என்ன?”

அவர் எட்டிப் பார்த்தார். “அதுவா? சும்மா வேடிக்கை பாக்க வச்சேன்.”

“யாரை?”

“உன்னைத்தான். நீ என்னத்த அனுப்பறன்னு பாக்க வேணாமா? நாளைக்கு எந்தலையிலதான விடியும்.”

“அதுல வேடிக்கை பாக்க வழியே கிடையாது. பாக்கணும்னா எடுக்கணும். எடுத்தா போச்சு. ஒண்ணு உங்க நிரலுக்குப் போகுது, அடுத்தது இதுக்குப் போய் அழிஞ்சிடுது. எடுக்குற நிரலை எழுதினதே நீங்கதான். உங்களுக்குத் தெரியாதா?”

“மறந்துட்டேன்மா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வீட்டுல இதெல்லாம் பேச வேணாம். அக்கா பயந்துடுவா.”

‘மா’ போட்டு அவர் குழைவது காரியம் ஆக வேண்டியிருக்கும்போது மட்டும்தான். உண்மையாகவே மறந்திருக்கலாம். எப்போதும் செய்கிற வேலையில்தான் கவனம் தப்பும். அவள் அவர் கையைப் பார்த்தாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தது.

மேலாளரைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். இரண்டாவது இணைப்பை நிறுத்தினார்கள். அடுத்த அழைப்பு ஓட்டுநருக்குப் போயிற்று.

மறுநாள் இருவருமே வேலைக்கு வந்தார்கள். அத்தான் மேசையைத் திருப்பிப் போட்டு, திரையை யாரும் எட்டிப் பார்க்க முடியாமல் முதுகுப் பக்கம் சுவர் இருக்கும்படி உட்கார்ந்திருந்தார்.