கட்டைவிரல் அகலத் துளை

ஒரு மனிதரின் துக்கத்தை வடித்துவிட அந்தத் தெருவில் ஒருமுறை முடிவெட்டிக்கொள்ளும் கூலிதான் ஆகும். பேரம் பேசத் தெரிந்தவர்கள் முகச்சவரக் கூலியிலேயே காரியத்தை முடித்துக்கொண்டார்கள். வேலையைச் செய்தவள் பீங்கான்கடைக்காரரின் மனைவி. கடையில் அல்ல, வீட்டில், சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில். தெரு அவளைத் துளைக்காரி என்றது. முகத்துக்கு நேராக மட்டும் அக்கா.

ஆரம்பம் சாதாரணமானது. கடைக்காரர் பேரத்தில் புலி. எதிராளி விலை சொன்னதும் பல்வலி வந்தவர்போல் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். கை கீழே இறங்குவதற்குள் விலை பாதியாகியிருக்கும். அப்படி அடிமாட்டு விலைக்கு ஒரு லாரி நிறையப் பூந்தொட்டி வாங்கிப் போட்டார். மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு, அடியில் ஓட்டை கிடையாது. வாங்கிப்போனவர்கள் வைத்த செடியெல்லாம் வேர் அழுகிச் செத்தது, தொட்டிகள் வசவோடு திரும்பி வந்தன. மனைவி ஒரு டிரில்லிங் மெஷினும் வைரத்தூள் பதித்த பிட்டுகளும் வாங்கிவரச் சொன்னாள். தொட்டியை ஈரத்துணிமேல் கவிழ்ப்பாள். அடியில் பெருக்கல் குறிபோல் டேப் ஒட்டுவாள். பிட்டைச் சாய்த்து வைத்து முதலில் பிறைபோல் ஒரு கீறல் போட்டுக்கொண்டு, பிறகு மெல்ல நிமிர்த்துவாள். பக்கத்துக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அழுத்தவே கூடாது. அவசரக்காரன் கையில் தொட்டி இரண்டாகும். பால்போல் மாவு கரைந்து ஓடி, கடைசியில் சட்டைப் பொத்தான் அளவு வில்லை ஒன்று கழன்று விழும். பென்சில் நுழைகிற அகலம், அவ்வளவுதான். உள்பக்கம் அதன்மேல் சின்ன வலைத்துண்டு ஒன்றை வைத்துக் கொடுப்பாள். தண்ணீர் போகும், மண் போகாது.

விஷயத்தை முதலில் கண்டவர் எதிர்வீட்டுத் தையல்காரர். மனைவி கோபித்துக்கொண்டு போனதிலிருந்து அவர் வீட்டுத் தொட்டியில், யாரும் ஊற்றாமலேயே, தண்ணீர் விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. துளை போட்டு எடுத்துப்போன அன்று தட்டில் வடிந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தார், உப்புக் கரித்தது. தட்டு காய்ந்ததும் பசிக்கிறது என்றார். மனைவியின் முகம், அவள் வாசலில் நின்று கடைசியாகத் திட்டிய திட்டு எல்லாம் நினைவில் இருந்தன. வலி மட்டும் இல்லை. அதற்குப் பிறகு கூட்டாளி ஏமாற்றிய செருப்புக்கடைக்காரர் வந்தார், பதவி உயர்வு கிடைக்காத வங்கிக் குமாஸ்தா வந்தார், அம்மாவைப் பறிகொடுத்த பல் வைத்தியர் வந்தார். யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. கூலி அதிகம் என்றுதான் சொன்னார்கள்.

"ஓட்டைக்குக் காசா? இல்லாத இடத்துக்குக் காசு கேக்குறியேம்மா" என்றாள் துணிக்கடைக்காரரின் தங்கை.

"இருந்த இடத்த இல்லாமப் பண்ணித் தர்றேன்லக்கா, அதுக்குத்தான்."

கடைக்காரருக்கும் அவளுக்கும் ஒரே மகள். வாலு என்று கூப்பிட்டார்கள், அவளும் அதற்குப் பொருத்தமாகவே நடந்துகொண்டாள். ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் அவளைக் கொண்டுபோனது. காரியங்கள் எல்லாம் முடிந்து கடைக்காரர் மறுபடி கடையைத் திறந்தபோது, பஜார் அவருடைய துக்கத்தின் அளவை ஒரே நாளில் தெரிந்துகொண்டது. அவர் பேரம் பேசவில்லை. கேட்ட விலைக்கு வாங்கினார், கேட்ட விலைக்குக் கொடுத்தார். கை கன்னத்துக்குப் போகவேயில்லை. எதிரிகள்கூட முதல் ஒரு மாதம் வெட்கப்பட்டு நியாய விலை சொன்னார்கள். அப்புறம் வெட்கம் விட்டுப்போயிற்று. படுக்கையறை ஜன்னலோரம் துளையில்லாத நீலத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் தளும்பி, செடி கறுத்து, அறை முழுக்கக் குட்டை நாற்றம் அடித்தது.

கடைக்காரரின் அக்கா வாரம் ஒருமுறை வந்து போவாள், வாய் சும்மா இருக்காது.

"ஊருக்கெல்லாம் ஓட்டை போடுறே. கட்டினவன் மூழ்கிக்கிட்டிருக்கான், கண்ணு தெரியலையா?"

"வேண்டாம் அண்ணி. ரெண்டு பேரும் சேந்து பிடிச்சிருக்கோம். ஒருத்தர் கைய எடுத்தா இன்னொருத்தர் தனியா தூக்கணும்."

இரண்டு வருடம் இப்படிச் சமாளித்தாள். அதற்குள் கடையில் பாதி சரக்கு போயிற்று, கடைக்காரரில் பாதி உடம்பு போயிற்று. ஒரு பகல்வேளையில் அவரே நீலத் தொட்டியை இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்து பாத்திரம் கழுவும் இடத்தில் இறக்கினார். முடியலம்மா என்றார். அதற்குமேல் அவளாலும் முடியவில்லை. செடியையும் மண்ணையும் வாளியில் அலுங்காமல் எடுத்து வைத்தாள், தொட்டியைக் கவிழ்த்தாள், டேப் ஒட்டினாள், பென்சில் அகலப் பிட்டை மெஷினில் மாட்டினாள். அப்போதுதான் அது நடந்தது. கடைக்காரரின் வலது கை மெதுவாக எழும்பிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது.

"வர்றவன் போறவனுக்கெல்லாம் இத்துனூண்டு ஓட்டை. வீட்டுக்காரனுக்கும் அதேதானா? கொஞ்சம் பெருசா போடு. கூலி ஒண்ணுதானே?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேரம் அது. அவள் சிரித்தாள், கண் கலங்கச் சிரித்தாள். பேரம் படியாமல் அவரைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. சின்னப் பிட்டைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரல் அகலப் பிட்டை மாட்டினாள். துளை சுத்தமாக விழுந்தது, விளிம்பில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. வழக்கமான வலைத்துண்டையே வைத்து மண்ணை நிரப்பினாள். அந்த அகலத்துக்கு அந்தத் துண்டு போதாது என்பது அவள் கைக்குத் தெரியும். ஆனால் காது அவர் பேச்சில் இருந்தது. கூலியில் பாதியை அவர் குறைத்துக்கொண்டிருந்தார், அவள் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் தெளிந்த தண்ணீர் வந்தது. பிறகு பழுப்பாக வந்தது. சாயங்காலம் அவள் பார்க்கும்போது வலை கீழே கிடந்தது, மண்ணும் வேரும் தட்டை மூடிக் குவிந்திருந்தன, தொட்டி காலி.

கடைக்காரர் அன்று இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் பஜாரில் மூன்று வியாபாரிகளை அழவைத்தார். சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

"அந்தக் குட்டி நாற்காலி சும்மா இடத்த அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சே. தூக்கிட்டுப் போய் நல்ல விலைக்குத் தள்ளிட்டேன். யாரு குடுத்தது நமக்கு அத?"

வாலு உட்கார்ந்த நாற்காலி அது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. நல்ல விலை கிடைத்த சந்தோஷம் மட்டும்தான் அதில் இருந்தது.

குவிந்த மண்ணை ஒரு பொடி விடாமல் வழித்துத் தொட்டியில் திரும்பப் போட்டாள். துளையைத் தக்கையால் அடைத்தாள், பிறகு ஒட்டுப்பசையால் அடைத்தாள், பிறகு சிமென்ட். தண்ணீர் நின்றது, போனது வரவில்லை. தொட்டியில் போட்ட துளையை அடைக்கலாம், மனிதரில் விழுந்ததை எங்கிருந்து அடைப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கடைக்காரரின் அக்கா வந்தாள், தம்பியைப் பார்த்தாள், சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். வெளியே வந்து உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் வாய்ப்பூட்டுப் போட்டாள். அதை அவளைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது. படங்கள் அவள் வீட்டுக்குப் போயின, சின்ன உடுப்புகள் பெட்டிக்குப் போயின.

"விடு. அவனாவது நல்லா இருக்கான்ல. நீயும் உனக்கு ஒண்ணு போட்டுக்கோ. உன் மெஷின், உன் கை, யாருக்குக் கூலி குடுக்கப் போறே?"

அவளுக்கும் ஒரு தொட்டி தளும்பிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் அதைக் கவிழ்த்து டேப் ஒட்டும்வரை போனாள். பென்சில் அகலம் போதும், வலி மட்டும் போகும், மற்றது நிற்கும். நூறு பேருக்குச் செய்ததுதான். ஆனால் ஒருமுறை வழுக்கிய கை. வலை மறுபடி விழுந்தால், கடைசி நாள் வாலு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள் என்று தெரிந்தவர் பூமியில் யாரும் இருக்கமாட்டார்கள். வாலுவின் அத்தைக்கு நினைவிருக்கும்தான், ஆனால் அது அத்தையின் நினைவு. டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தொட்டியை நிமிர்த்தினாள். வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் தொடர்ந்து துளை போட்டாள். பெரிதாகக் கேட்டவர்களிடம் அந்தப் பிட் உடைந்துபோயிற்று என்றாள்.

ஒரு மாலை கடைக்காரர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் ஆரம்பித்தாள். ஒரு பொண்ணு, அவளுக்கு ஊசி போட வந்தா டாக்டர்கிட்ட ரெண்டு ஊசிய ஒண்ணாக் குறைச்சுக்கச் சொல்வா.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "யாரு பெத்த பிள்ளை? நம்ம கடையில உக்கார வெக்கலாம் போலிருக்கே."

"தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணுங்க."

"அப்புறம்?"

அப்புறமும் சொன்னாள். காலையில் கேட்டால் எந்தப் பொண்ணு என்றார். சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து சொன்னாள், அவர் அதே இடத்தில் அதே சிரிப்பைச் சிரித்தார். ஆறு வயதுப் பிள்ளையின் சரக்கு எவ்வளவு இருந்துவிடும், சில வாரங்களில் தீர்ந்தது. தீர்ந்ததும் திரும்ப ஆரம்பித்தாள். வருடங்கள் போயின. தெருவும் இதற்குப் பழகிக்கொண்டது. விளக்கேற்றும் நேரத்தில் அந்த வீட்டுச் சிரிப்பைக் கேட்டுத்தான் தையல்காரர் கடையை அடைப்பார். ஒருநாள் கடைக்காரர் கதை கேட்டுக்கொண்டே ஓர் ஆரஞ்சை உரித்து, சுளைமேல் இருந்த வெள்ளை நாரையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, விதை நீக்கி, தட்டில் வட்டமாக அடுக்கினார். நார் இருந்தால் வாலு துப்பிவிடுவாள். அடுக்கி முடித்துவிட்டுத் தட்டையே பார்த்தார்.

"யாருக்கு இத உரிச்சேன்?"

"எனக்குத்தாங்க" என்று வாங்கி, ஒரு சுளை மிச்சமில்லாமல் தின்றாள்.

அன்றிலிருந்து தினமும் உரிக்கிறார், தினமும் கேட்கிறார், தினமும் அவள் வாங்கித் தின்கிறாள். அந்த வீட்டின் கணக்கு அப்படித்தான் நிற்கிறது: பெற்றது ஒரு பிள்ளை, பறிகொடுத்தது இரண்டு முறை, மாலைக்கு மாலை ஒரு வரவு, காலைக்குக் காலை அதே செலவு, நிலுவை ஒரு தட்டு ஆரஞ்சு, பெறவேண்டியவர் வரவில்லை.