மலரில் சேராத பத்தி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பிழைதிருத்தம் பார்க்கத் தந்த தாளில். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சிறிய கல்லூரி ஊர். வீட்டுக்கு ஒருவராவது அங்கே படித்தவர், அல்லது படிப்பித்தவர். கல்லூரி மலருக்கு வரலாற்று ஆசிரியை ஜெசிதா எழுதிய கட்டுரையில் ஒரு பத்தி வெட்டப்பட்டு, பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதப்பட்டு, அதுவும் வெட்டப்பட்டிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு...

வேண்டாம். அன்று நல்ல வெயில்.

2

கல்லூரியில் நடப்பவற்றை நாள்தோறும் குறித்துவைக்கும் பழைய சம்பவத் திரட்டில் ஜெசிதா கண்டது ஒரே வரி. 1988 யூனில், உயர்தர வகுப்பு மாணவன் சுபாஸைக் கேட்டு வந்தவர்களிடம் கல்லூரி அதிபர் சீவரத்தினம் அவனை ஒப்படைத்தார். சுபாஸ் திரும்பவில்லை.

(வந்தவர்கள் யார் என்று நான் எழுதப்போவதில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் உங்களில் பாதிப்பேர் இங்கேயே நிறுத்திவிடுவீர்கள்.)

புதிய மண்டபத்துக்குச் சீவரத்தினத்தின் பெயரைத்தான் வைக்க இருந்தார்கள். எண்பத்து மூன்று வயது மனிதரின் முன்னால் போய் உட்கார்ந்து ஜெசிதா அந்த வரியைக் காட்டினாள். அவர் மறுக்கவில்லை.

“ஓம் பிள்ளை, நான்தான் வகுப்பாலை கூப்பிட்டனான். இல்லாட்டி எல்லாரையும் ஏத்தியிருப்பாங்கள். ‘சேர், பாடக் கொப்பியை வைச்சிட்டு வரட்டோ?’ எண்டு கேட்டவன். ‘கொண்டு போ, பின்னேரம் வந்திடுவாய்’ எண்டனான்.”

சுபாஸின் தாய் பத்மாவதியோடு நான்கு வருடம் அவனைத் தேடி முகாம் முகாமாக அலைந்தவரும் இவர்தான்.

“நான் குடுத்தது அவவுக்குத் தெரியாது. நீர் எழுதினால் தெரியும்.”

3

இந்த இடத்தில் சீவரத்தினத்தைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். கதை சுலபமாக ஓடியது, அதனாலேயே கிழித்தேன்.

ஜெசிதா பத்தியின் பிரதியோடு பத்மாவதியிடம் போனாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டுதரம் வாசித்தார்.

“தெரியும் பிள்ளை. வகுப்புப் பெடியங்கள் அண்டைக்கே சொன்னவங்கள்.”

“பிறகேனம்மா அவரோடை திரிஞ்சனீங்கள்?”

“வேறை ஆர் வந்தவை?”

“இதைப் போடட்டோ?” என்று ஜெசிதா கேட்டாள்.

“அந்த மனிசன் இப்பவும் கிழமைக்கு ஒருக்கா வந்து கதைச்சிட்டுப் போகும். இது வந்தால் வராது.” பத்மாவதி தாளை மடித்தார். திருப்பித் தரவில்லை. “போடாட்டி, என்ரை பிள்ளை படிச்ச பள்ளிக்கூடத்திலை அவன்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை.”

4

ஒரு முடிவில் பத்தி அச்சாகிறது. பத்மாவதியின் வாசல் படலையை யாரும் திறப்பதில்லை. இன்னொன்றில் அச்சாகவில்லை, மண்டபத் திறப்பு விழாவில் சீவரத்தினமும் பத்மாவதியும் பக்கத்துக் கதிரைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டையும் முழுதாக எழுதினேன். இரண்டையும் வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று ஜெசிதா தொலைபேசியில் கேட்டாள்: “நீங்களாவது ஒண்டு சொல்லுங்கோவன்.”

நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அச்சகம் நாளைக் காலை தாளைக் கேட்கிறது. நீங்கள் என்றால் அந்தப் பத்தியை...