பதினொரு மணிக்கு வரும் கோளாறு

கல்லூரியில் அவனை எல்லோரும் மெக்கானிக் என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் விடுதி முழுக்க இண்டர்நெட் போய், மூன்று நாள் எல்லோரும் பாடம் படிக்கும் நிலைமைக்குத் தள்ளப்பட்டபோது, யாரோ காலால் இடறிக் கழற்றிவிட்டிருந்த வயரை அவன் திரும்பச் செருகினான். அன்று கிடைத்த பட்டம் அது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சிலர் சொன்னார்கள். எந்தப் பழம் விழும் என்று பார்த்து உட்காருவதும் ஒரு திறமைதான் என்பது மெக்கானிக்கின் கட்சி.

ஆகவே நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் உயரமான நண்பன் காலை பத்தரைக்கு வீட்டுக்கு வரச் சொன்னபோது, ஒரு ஸ்க்ரூடிரைவரும் நிறைய நம்பிக்கையும் எடுத்துக்கொண்டு போனான்.

நெட்டையின் நிலைமை கவலைக்கிடம். அன்று மூன்று மணிக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம். ஒரே வாய்ப்பு. அறுபது மார்க் எடுத்தால் வேலை. ஆனால் பத்து நாளாக அவனுடைய கம்ப்யூட்டருக்குப் பித்துப் பிடித்திருந்தது.

"திரையில மவுஸ் அம்பு தானா ஓடுதுடா. தானா அமுக்குது. முந்தாநாள் மாதிரித் தேர்வுல, நான் யோசிக்கறதுக்குள்ள 'அடுத்த கேள்வி, அடுத்த கேள்வி'ன்னு அதுவே போயிட்டே இருந்துச்சு. நூத்துக்குப் பதினெட்டு."

"அதுல உன் பங்கு எவ்வளவு?"

"பதினெட்டும் நான் போட்டது. மிச்சம் எண்பத்திரண்டும் அது முழுங்கினது."

"வைரஸ் பார்த்தியா?"

"மூணு தடவை. சுத்தமா இருக்குன்னு நற்சான்றிதழ் குடுக்குது."

"நாள் முழுக்க இப்படித்தானா?"

"இல்ல. பதினொரு மணிக்கும் மூணு மணிக்கும்தான். சரியா கால் மணி நேரம்."

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்துவிட்டான். கோளாறு என்பது சொல்லாமல் வருவது. நேரம் பார்த்து வருகிறதென்றால் அது ஆள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, காலை நீட்டி உட்கார்ந்தான்.

"ஒண்ணும் செய்யலையா?" என்றான் நெட்டை.

"செய்யறேன். காத்திருக்கேன்."

மணி பதினொன்று. யாரும் தொடாமலேயே அம்பு திரையில் துள்ளியது. நெட்டை மவுஸின் வயரையே பிடுங்கிக் காட்டினான். அம்பு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து முறை அமுக்கியது, சற்று நின்றது, மறுபடி பத்து.

"வைரஸ் மூச்சு வாங்காது மச்சான்," என்றான் மெக்கானிக்.

அப்போது கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏழு... எட்டு... ஒம்பது..."

"யாருடா எண்றது?"

"அப்பா. கைப் பயிற்சி."

நெட்டையின் அப்பா முப்பது வருடம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர். பஸ்கள் தாமதமாயின, அவர் ஆனதில்லை. மாடிப்படியில் சறுக்கி மணிக்கட்டு உடைந்து, பத்து நாளுக்கு முன்புதான் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை அவிழ்த்திருந்தார்கள். கைக்கு அடக்கமாக எதையாவது பிடித்து விரல்களை அமுக்கச் சொல்லியிருந்தார்கள். இழுப்பறையில் அடக்கமாக ஒன்று கிடைத்தது: நெட்டை புது மவுஸ் வாங்கியதும் தூக்கிப் போட்ட, வயரில்லாத பழைய மவுஸ். அதன் நகத்தளவு ரிசீவர் மட்டும் கம்ப்யூட்டரின் முதுகில், யாரும் பார்க்காத இடத்தில், இன்னும் விசுவாசமாகச் செருகியிருந்தது.

"அங்கிள், கொஞ்சம் நிறுத்துங்க," என்று மெக்கானிக் கூடத்துக்கு ஓடினான்.

"இன்னும் நாலு இருக்கு தம்பி." நாலையும் முடித்தார். உள்ளே திரையில் நாலும் விழுந்தன.

விஷயத்தை விளக்கியதும் அவர் மவுஸை மரியாதையோடு பார்த்தார். "இந்த வீட்டுல நான் சொல்றதைக் கேக்க ஒண்ணு இருந்திருக்கு. அதைக் கூட யாரும் எங்கிட்ட சொல்லல."

"அப்பா, இன்னிக்கு மட்டும் நாலு மணிக்குச் செய்ங்கப்பா."

"மூணுன்னா மூணுதான். நீ வேணா தேர்வை நாலுக்கு மாத்தச் சொல்லு."

"பேட்டரியையாவது கழட்டிடலாம்."

"கனம் போயிடும். அப்புறம் என்ன பயிற்சி?"

அப்பனும் பிள்ளையும் பேசித் தீர்ப்பதற்குள், மெக்கானிக் மேசைக்கடியில் தவழ்ந்து ரிசீவரைப் பிடுங்கிவிட்டான். "இப்ப அமுக்குங்க அங்கிள். எவ்வளவு வேணும்னாலும்."

அமுக்கினார். அம்பு அசையவில்லை.

நெட்டையின் முகம் மலர்ந்திருக்க வேண்டும். மாறாக வாடியது. "இனிமே மார்க் கொறஞ்சா?"

"கொறஞ்சா நீதான்."

"பத்து நாளா அது மேலயே பழி போட்டுப் பழகிட்டேன்டா."

"மூணே முக்கால் மணி நேரம் இருக்கு. பழக்கத்தை மாத்து."

பிடரியைப் பிடித்து உட்கார வைத்தான். முதல் மாதிரித் தேர்வில் ஐம்பத்தெட்டு. தப்பான கேள்விகளை ஒவ்வொன்றாகக் குடைந்தார்கள். இரண்டாவதில் அறுபத்தாறு.

மூன்று மணிக்குக் கூடத்தில் அப்பா தொடங்கினார், உள்ளே பிள்ளை தொடங்கினான். மெக்கானிக் இருவருக்கும் நடுவே கதவில் சாய்ந்து, தன் சாம்ராஜ்யத்தை மேற்பார்வை பார்த்தான்.

நாலு மணிக்குத் திரையில் மார்க் வந்தது. எழுபத்துமூன்று.

"இது நெசமாவே நான் போட்டதாடா?"

"வேற யார் மேலயும் சந்தேகம் இல்ல," என்றான் மெக்கானிக்.